பெரிய சில்லு போடுமுன் பிரேக் ஹோஸைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் காரை கராஜில் நிறுத்தி, "அடி தட்டுது, கொஞ்சம் பெரிய சில்லாப் போட்டுத் தாங்க தம்பி" என்று கேட்பது இப்போது வழமையாகிவிட்டது. கேட்பதில் பிழையில்லை. மாரி மழை ஓய்ந்த கையோடு கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி உள்வீதிகளில் ஓடியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் டயர் மட்கார்டில் தட்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மட்கார்டில் தட்டினால் சத்தம் கேட்கும். பிரேக் ஹோஸில் உரசினால் பெரும்பாலும் சத்தமே வராது.

காரின் பொடியில் (உடற்பகுதியில்) இருந்து வரும் இரும்புப் பைப்பையும் சில்லில் இருக்கும் பிரேக்கையும் இணைப்பது அந்த ரப்பர் ஹோஸ்தான். சில்லு மேலே கீழே போகும், இரண்டு பக்கமும் திரும்பும். அத்தனைக்கும் ஹோஸ் வளைந்து கொடுக்கவேண்டும். டயர் அகலமானாலோ, ரிம் உள்பக்கமாக ஏறி உட்கார்ந்தாலோ இந்த இடம்தான் முதலில் குறையும்.

அலைன்மென்ட் பார்க்க வந்த ஒரு காரில் முன்சில்லைக் கழற்றியபோது, ஹோஸின் வெளி ரப்பர் நகம் அளவுக்குத் தேய்ந்து மினுங்கியது. அதற்குள் இருக்கும் நூல் பின்னல் வெளியே தெரிந்தது. சில்லு மாற்றிய இடத்தில் ஹோஸைக் கேபிள் டையால் இழுத்துக் கட்டி விட்டிருந்தார்கள். அந்த டையும் அறுந்து தொங்கியது. டயருக்கு நாம் அடிக்கும் காற்று 2 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும்போது ஹோஸுக்குள் 70, 80 பார் அழுத்தம் வரும். முன்சில்லு இழுக்கும் கார்கள் பலவற்றில் பிரேக் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு ஹோஸ் வெடித்தாலும் ஒரு முன்சில்லும் எதிர்ப்பக்கப் பின்சில்லும் பிடிக்கும். ஆனால் பெடல் கீழே போய்விடும், வாகனம் நிற்க எடுக்கும் தூரம் நன்றாகக் கூடிவிடும். கல்லடிப் பாலத்து நெரிசலில் அந்தத் தூரம் எங்கே கிடைக்கும்?

கராஜுக்குள் சும்மா நிற்கும் காரில் இடைவெளி இருப்பதை நம்பவேண்டாம். ஆட்களும் நெல் மூட்டையும் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுசாக வெட்டியபடி ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கும்போதுதான் டயர் ஹோஸைத் தொடும். நான் ஹோஸைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பாரத்தோடு மெதுவாகப் பள்ளமான வீதியில் ஓட்டிப் பார்ப்பேன். டேப் தேய்ந்திருந்தால் பதில் கிடைத்துவிடும். அப்புறம் ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும் நிலையில் இரண்டு பக்கமும் கடைசிவரை ஸ்டியரிங்கை வெட்டிப் பார்க்கவேண்டும். அப்போது ஹோஸ் விறைத்து இழுபட்டால் அதுவும் ஆகாது.

பைப்பை வேறு வழியாகக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் முறையாகச் செய்யுங்கள். ஹோஸின் முனையைப் பிடிக்கும் பிராக்கெட்டை உறுதியான இடத்துக்கு மாற்றி, இரும்புப் பைப்பை பெண்டரால் வளைக்கவேண்டும். கையால் வளைத்து மடங்கிய பைப்பை வீசிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி (பிரிட்ஜ்) வேலைக்கு வரும் வெறும் செப்புக் குழாயைப் பிரேக்குக்குப் போடவே கூடாது, அதிர்வில் விறைத்து வெடிக்கும். செப்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் நல்லது. எங்கள் கடற்காற்றில் கிளிப்புக்கு அடியில் இரும்பு துருப்பிடிக்கும், இது பிடிக்காது. முனையை அந்த வாகனத்துக்குரிய வடிவத்திலேயே விரிக்கவேண்டும். வெட்டிய இடத்தைப் பற்றவைத்து ஒட்டுவது பிரேக் வேலையே இல்லை. பைப்பை மேல்நோக்கி வளையம் போட்டாலும் உச்சியில் காற்று தங்கிவிடும், எத்தனை தரம் காற்றை எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். சைலன்சருக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் வயரும் ஹோஸோடு கூடவே வரும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பைப்பைத் தொடுவதற்கு முதல் சில்லின் கணக்கைப் பாருங்கள். 175/65 ஆர் 14 டயரின் (அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 14 அங்குலம்) மொத்த உயரம் 583 மில்லிமீற்றர். 185/65 ஆர் 15 போட்டால் 621க்கு மேல். அதில் பாதிதான், அதாவது 19 மில்லிமீற்றர்தான், கார் உயரும். அதற்கு விலையாக, முன்பு சரியாகக் காட்டிய வேக மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதே பிரேக்குக்கு வீதியில் பிடிக்கும் விசையும் 6 சதவீதமளவு குறையும். அழகுக்காகப் பெரிய ரிம் கேட்பவர்களுக்கு 185/55 ஆர் 15 சரி. மொத்த உயரம் ஒன்றரை மில்லிமீற்றர்கூட அதிகரிக்காது. அதற்கும் உள்பக்க இடைவெளியைப் பார்த்தே தீரவேண்டும்.

வேலை முடிந்ததும் காசு கொடுக்குமுன், எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை நன்றாக அமத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே குனிந்து பிரேக் பைப்பும் ஹோஸும் இணையும் ஒவ்வொரு நட்டையும் விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால் வாகனத்தை எடுக்கவேண்டாம்.