வீராங்கனையின் உடல் போடும் சக்திக் கணக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாகாண மட்டப் போட்டிக்குத் தயாராகும் பாடசாலை மாணவி ஒருத்திக்குச் சில மாதங்களாக மாதவிடாய் வரவில்லையென்றால், கடும் பயிற்சி செய்பவர்களுக்கு அது வழமைதான் என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவளுக்கும் ஒரு தொல்லை குறைந்ததாகவே தோன்றலாம். ஆனால், இத்தகைய நிலைக்குப் பெரும்பாலும் காரணமாவது பயிற்சியின் கடுமையன்று. அந்தப் பயிற்சிக்கு ஈடாக அவள் உண்ணாமையே.

உண்ட உணவின் சக்தியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தால் எஞ்சுவதைக் கொண்டுதான் இதயம் துடிப்பது, உடல் வெப்பம் காப்பது, எலும்பைப் புதுப்பிப்பது ஆகிய எல்லா வேலைகளும் நடந்தாக வேண்டும். இந்த மிச்சத்தை, கொழுப்பு நீங்கலான உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் இத்தனை கலோரி என்று கணக்கிடுவார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கலோரி இருந்தால் போதுமானது. 30க்குக் கீழே போனால் ஆபத்து மிகும், ஆயினும் அந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 48 கிலோ நிறையுள்ள ஒருத்தியின் உடலில் கொழுப்பு நீங்கலாக 38 கிலோ இருப்பதாகக் கொள்வோம். அவள் 1500 கலோரி உண்டு, பயிற்சியில் 450 கலோரியைச் செலவிட்டால், கிலோவுக்கு எஞ்சுவது 28 கலோரிக்கும் குறைவு. 45ஐ எட்டுவதற்கு அவள் 2160 கலோரி உண்ண வேண்டும்.

இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகக் காணியின் அளவைக் குறைப்பதுபோல, மூளையும் உயிர் தரிக்க உடனடியாக வேண்டாதவற்றை முதலில் நிறுத்துகிறது. ஐபோதலமஸ் பகுதி தன் சமிக்ஞைகளின் வேகத்தைக் குறைக்க, பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து சூலகத்தைத் தூண்டும் ஹோர்மோன்கள் குறைகின்றன. ஈஸ்ட்ரஜன் சுரப்பு தாழ்ந்து மாதவிடாய் தவறுகிறது. ஆன் லௌக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வில், 30 கலோரிக்குக் கீழே இறக்கப்பட்ட இளம் பெண்களிடம் இந்த ஹோர்மோன் மாற்றம் ஐந்தே நாட்களில் தென்பட்டது. அதாவது, உடல் மெலிந்து வெளியே தெரிவதற்கு வெகு முன்னரே உள்ளே கணக்கு மாறிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது எலும்பு. எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி பதின்ம வயதிலேயே சேர்கிறது. எலும்பு கரையாமல் காப்பது ஈஸ்ட்ரஜன். அந்த ஆண்டுகளில் அது குறைந்திருந்தால், பின்னாளில் எவ்வளவு பால் குடித்தாலும் இழப்பு முழுமையாக ஈடாகாமல் போகலாம். ஓட்ட வீராங்கனைகளின் கால் எலும்பில் தோன்றும் மயிரிழை வெடிப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சக்திக் குறைபாட்டுக்குத் தனிப்பெயர் சூட்டியபோது, நோயெதிர்ப்பு, இதயம், மனநிலை ஆகியவற்றையும் சேர்த்தே பேசியது. ஆண்களுக்கும் இது வருவதுண்டு.

குறைபாடு எப்போதும் திட்டமிட்ட பட்டினியால் வருவதில்லை. காலையில் பிளேன்ரீயுடன் இரண்டு பிஸ்கட், பாடசாலை முடிந்ததும் மைதானம், வீடு திரும்பிப் பொழுதுபட்ட பின்னரே சோறு என்று நாள் போனால், இடைவெளியின் நீளமே தீங்காகிறது. பயிற்சிக்கு முன் அவித்த பயறு அல்லது கச்சான், முடிந்தவுடன் வாழைப்பழமும் முட்டையும் என்பவை விலையுயர்ந்த சத்துமா வகைகளைவிட எளிதில் கிடைப்பவை. பூப்படைந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் விட்டுக் கொடுக்கும் உழுத்தங்களி சக்தி செறிந்த உணவு. அதை அந்தச் சில நாட்களோடு நிறுத்த வேண்டியதில்லை. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு உண்டால் கல்சியம் கிடைக்கும். முருங்கையிலையின் இரும்புச்சத்து உடலில் சேர, தேசிக்காய்ப் புளி உதவும். உணவோடு குடிக்கும் தேநீர் தடுக்கும்.

வீட்டில் உணவு போதியளவு இருந்தும், சோறு கொழுப்பாகிவிடும் என்ற அச்சத்தில் தட்டை ஒதுக்குபவளின் நிலை வேறு. எல்லோர் முன்னிலையிலும் நிறை பார்ப்பதும், "கொஞ்சம் மெலிந்தால் வேகம் வரும்" என்று பயிற்றுநர் சொல்வதும் அந்த அச்சத்தை வளர்க்கின்றன. சோற்றின் மாச்சத்தே வேக ஓட்டத்துக்கான முதன்மை எரிபொருள் என்பதால், அதைக் குறைத்து வேகத்தைத் தேடுவது வீண் முயற்சி. ஒளித்து உண்பது, உண்டபின் வாந்தியெடுப்பது, தவறவிட்ட பயிற்சிக்குத் தண்டனையாக உணவைத் தவிர்ப்பது போன்றவை தென்பட்டால், அதட்டாமல் மருத்துவரிடமும் உளநல ஆலோசகரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும்.

தொடர்ந்து மூன்று மாதங்கள் மாதவிடாய் தவறினாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ மருத்துவப் பரிசோதனை அவசியம். தைரொயிட் முதலிய வேறு காரணங்களும் இருக்கக்கூடும். ஹோர்மோன் மாத்திரையால் மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கு, சக்திக் குறைபாடு நீங்கியதற்குச் சான்றாகாது. உணவைக் கூட்டி, தேவையானால் பயிற்சியையும் குறைத்தால் மாதவிடாய் பெரும்பாலும் தானாகத் திரும்பும். ஆனால் அதற்குப் பல மாதங்கள் பிடிக்கலாம் என்பதை அடுத்த போட்டிக்கான நாட்காட்டியைத் தயாரிப்பவர்கள் கணக்கிலெடுக்க வேண்டும்.