குதிரையின் களைப்பு கட்டிய விடுதி

நாலு குதிரை பூட்டிய கோச் வண்டி, ஆட்களும் மூட்டைகளும் ஏறிவிட்டால் ஏறத்தாழ இரண்டு டன் கனக்கும். மெதுநடையில் என்றால் குதிரை அதை மணிக்கணக்கில் இழுக்கும். வேகம் கேட்டால்தான் வம்பு. ஓடும்போது தன் உடம்பைத் தூக்கித் தூக்கி வைப்பதற்கே குதிரைக்குப் பெரும்பங்கு சக்தி போய்விடுகிறது, வண்டியை இழுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். மணிக்கு 10 மைல் வேகத்தில் விரட்டினால் ஒரு மணி நேரத்தில் அது களைத்துவிடும். அதாவது, சுமார் 16 கிலோமீட்டர். இங்கிலாந்தின் பழைய கோச் விடுதிகள் எங்கே அமைந்தன, எந்த வடிவத்தில் அமைந்தன என்பதற்கெல்லாம் இந்தக் கணக்குதான் அடிப்படை. பயணிக்குச் சாப்பாடும் படுக்கையும் அதற்கு அப்புறம்தான்.

எனவே 10 மைலுக்கு ஒரு தடவை, கூடக்குறைய, குதிரைகளை மாற்றியே ஆக வேண்டும். வண்டி ஊரை நெருங்கும்போதே அதில் வரும் காவலர் கொம்பு ஊதுவார். அந்தச் சத்தம் கேட்டதும் லாயக்காரர்கள் சேணம் பூட்டிய புதுக் குதிரைகளை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். கை பழகியவர்களுக்கு நாலையும் அவிழ்த்து வேறு நாலைப் பூட்ட இரண்டு நிமிடம் போதும். பாதை எத்தனை மைலோ அத்தனை குதிரை கையிருப்பில் வேண்டும் என்பது வண்டி முதலாளிகளின் தோராயக் கணக்கு. 1754இல் லண்டனிலிருந்து எடின்பரோ போகக் கோடையில் 10 நாள், குளிர்காலத்தில் 12 நாள் ஆனது. 1830களில் அதே 400 மைலைத் தபால் கோச் இரண்டு நாளுக்குள் கடந்தது. நல்ல சரளைச் சாலையும் வண்டியின் குலுக்கலைத் தாங்கும் எஃகு வில்லும் இதற்கு உதவின என்பது உண்மைதான். ஆனால் வழிநெடுக லாயங்கள் இல்லாமல் அவற்றால் ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த ஏற்பாட்டைக் கட்டடமாகவே பார்க்க வேண்டுமென்றால் லண்டன் பாலத்தின் தென்கரையில், சதர்க் பகுதியில் உள்ள ஜார்ஜ் விடுதிக்குப் போகலாம். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை லண்டன் நகருக்குள் தேம்ஸைக் கடக்க ஒரே பாலம்தான் இருந்தது. அதன் மேலும் இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் ஒடுக்கமான பாதை. அதனால் கென்ட், சசெக்ஸ் பக்கமிருந்து வந்த வண்டிகள் பலவும் இக்கரையிலேயே நின்றுவிட்டன. பரோ ஹை ஸ்ட்ரீட்டில் டபார்ட், ஜார்ஜ், ஒயிட் ஹார்ட், கிங்ஸ் ஹெட் என்று விடுதிகள் அடுத்தடுத்து முளைத்தது இப்படித்தான். 1676ஆம் ஆண்டுத் தீயில் அந்தப் பகுதியில் பெரும்பகுதி எரிந்துபோனது. இப்போது நாம் பார்க்கும் ஜார்ஜ், அதற்கு மறுவருடம் கட்டியது.

தெருவை ஒட்டிய இடம் விலை கூடுதல் என்பதால் மனைகள் முன்பக்கம் குறுகி, பின்னால் நீண்டுகொண்டே போகும். விடுதிக்கு இது தோதாகவே அமைந்தது. தெருவில் ஒரு வண்டி நுழையும் அளவு வாசல், உள்ளே முற்றம், அதைச் சுற்றி அறைகள், கடைசியில் லாயம். வைக்கோல் பரணை லாயத்துக்கு மேலேயே வைப்பது வழக்கம். மேலிருந்து தள்ளினால் நேரே தீவனத் தொட்டியில் விழும்.

முற்றத்தைப் பார்த்தபடி மாடிகளில் மரத் தாழ்வாரம் ஓடும். அழகுக்கு வைத்ததாகத் தோன்றும், ஆனால் அது நடைபாதை. கட்டடத்தின் அகலமே ஓர் அறைதான். உள்ளே நடைவழி விட்டால் அறை சுருங்கிவிடும். நடைவழியை வெளியே தொங்கவிட்டால் அறைக்கு முழு அகலமும் கிடைக்கும். வண்டி வரும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஜார்ஜில் இந்தத் தாழ்வாரம் இரண்டு அடுக்கு. கடைந்த மரக் கம்பிகள் வரிசையாக நிற்க, முந்நூற்றைம்பது வருட மரம் ஆங்காங்கே தொய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட முற்றங்களில் 16ஆம் நூற்றாண்டில் நாடகமும் போட்டார்கள். நடுவில் மேடை, காசு உள்ளவர்களுக்குத் தாழ்வாரம். அதைச் சாக்காக வைத்து ஜார்ஜோடு ஷேக்ஸ்பியரை முடிச்சுப் போடுவது சுற்றுலாக்காரர்களுக்குப் பிடித்த விளையாட்டு. அவர் இறந்தது 1616இல். இந்தக் கட்டடம் எழும்ப அப்புறம் 60 வருடம் ஆனது.

உள்ளே மாட்டியிருக்கும் பெரிய சுவர்க் கடிகாரம் இன்னும் சுவாரசியமானது. 1797இல் கடிகாரங்களுக்கு வரி போட்டதால், சட்டைப்பைக் கடிகாரத்தை ஒளித்துவைத்தவர்களுக்காக விடுதிகள் மாட்டியது என்பது பிரபலமான கதை. அந்த வரி ஒரு வருடத்திலேயே ரத்தானது, இந்த வகைக் கடிகாரமோ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. கோச் ஓடியது அட்டவணைப்படி. விடுதிக்கு மணி தெரிந்தே ஆக வேண்டும், அதற்கு வரிக்கதை தேவையில்லை. அப்போது ஊருக்கு ஊர் நேரம் வேறு. லண்டனுக்கு மேற்கே இருக்கும் பிரிஸ்டலில் சூரிய நேரம் 10 நிமிடம் பின்தங்கும். அதனால் தபால் காவலரிடம் பூட்டிய பெட்டியில் கொடுத்தனுப்பும் கடிகாரத்தை, போகும் திசைக்கு ஏற்ப மெதுவாகவோ வேகமாகவோ ஓடும்படி முன்கூட்டியே திருத்திவைப்பார்கள்.

இவ்வளவையும் ரயில் சில வருடங்களில் முடித்துவிட்டது. 1838இல் பர்மிங்காம், 1841இல் பிரிஸ்டல் என்று பாதைகள் திறக்கத் திறக்க லாயங்கள் காலியாயின. 1,800 குதிரைகள் வரை வைத்திருந்த வில்லியம் சாப்ளின், லண்டனின் மிகப் பெரிய கோச் முதலாளி. காற்று திரும்புவதை மோப்பம் பிடித்துப் பணத்தை ரயிலில் போட்டார். லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேக்குத் தலைவராகவும் ஆனார். எல்லா முதலாளிக்கும் அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை.

ஜார்ஜ் கடைசியில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் கைக்கே வந்தது. சரக்குக் கிடங்குக்கு இடம் வேண்டும் என்று 1889இல் முற்றத்தின் இரண்டு பக்கக் கட்டடங்களை இடித்தார்கள். தென்பக்கம் மட்டும் தப்பியது. அதை 1937இல் வாரிசு ரயில் நிறுவனம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. லண்டனில் தாழ்வாரத்தோடு மிஞ்சியிருக்கும் ஒரே கோச் விடுதி இதுதான். இப்போது மதுக்கடையாக நடக்கிறது, முற்றம் முழுக்க மேசைகள். பக்கத்து விடுதிகள் ஒன்றும் இல்லை என்றாலும் ஒயிட் ஹார்ட் யார்டு, கிங்ஸ் ஹெட் யார்டு என்று சந்துகளுக்கு அவற்றின் பெயர் நிற்கிறது. நேரமிருந்தால் அந்தச் சந்துகளிலும் நுழைந்து பாருங்கள். பழைய மனைகள் எவ்வளவு ஒடுக்கமாக, எவ்வளவு ஆழமாகப் போயின என்பது அங்கேதான் பிடிபடும்.