குவார்ட்ஸ்: தேவாலாச் சுரங்கத்துக் கல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

நீலகிரி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர் பக்கம் போனால், தேயிலைக்கு நடுவே புதர் மூடிய பழைய சுரங்க வாய்களைக் காட்டி, 'வெள்ளைக்காரன் தங்கம் எடுத்த குழி' என்பார்கள். தேடியது தங்கம்தான். உடைத்துக் குவித்ததில் பெரும்பங்கு வெள்ளைக் கல். அந்தக் கல்தான் குவார்ட்ஸ். இதைத் தமிழில் எழுதும்போது ஒருவர் பளிங்கு என்கிறார், இன்னொருவர் படிகம் என்கிறார்.

குவார்ட்ஸ் என்பது ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களின் சொல். 16ஆம் நூற்றாண்டில் அகிரிகோலா என்ற ஜெர்மன் அறிஞர் இதை லத்தீன் நூலில் ஏற்றினார். 'கடினம்' என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். பொருத்தமான பெயர்தான்: கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 7. பேனாக்கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டிக்கொள்ளும்.

நம் சொற்களுக்கு வருவோம். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்கிறது குறள் (706). பக்கத்திலுள்ள பொருளைத் தன்னுள் காட்டும் தெளிவான கல் அது, நிறமற்ற குவார்ட்ஸ். மணிமேகலையில் வரும் பளிக்கறையும் (பளிங்கு அறை) அந்தப் பொருளில்தான். இன்று டைல்ஸ் கடையில் பளிங்கு கேட்டால் மார்பிள் தருவார்கள். மார்பிள் சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறு சிந்தினால் மெருகு போய்விடும். குவார்ட்ஸை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. பெயர் ஒரு கல்லிலிருந்து வேறொரு கல்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, இனித் திருப்பி அழைப்பது கஷ்டம்.

படிகம் வடமொழி ஸ்படிகத்தின் தமிழ் வடிவம். ராமேஸ்வரத்து ஸ்படிக லிங்கத்தை அறியாதவர் குறைவு. சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கும் படிகாரமும் இந்தச் சொல்லுக்கு உறவு. ஆனால் பள்ளி வேதியியலில் படிகம் என்றால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய எந்தத் திண்மமும் அடங்கும். உப்பும் படிகம், கற்கண்டும் படிகம். அதனால் 'படிகச் சுரங்கம்' என்று மொட்டையாக எழுதினால் என்ன கல் என்றே தெரியாது. ஆறு பட்டையும் கூர்நுனியுமாக வளர்ந்த தெளிந்த கல்லைப் 'படிகக்கல்' என்றால் சரி. தஞ்சைக்கு அருகே வல்லத்தில் மூக்குக் கண்ணாடிக்கு அறுத்துத் தேய்த்த கல் அந்த வகை.

தேவாலாக் கல் அப்படியில்லை. பால் நிறம், பட்டை இல்லாத கட்டி. இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: வெங்கச்சங்கல். பேச்சில் வெங்கச்சாங்கல். காட்டிலும் கரட்டிலும் திரிந்த பிள்ளைகளுக்கு இது தெரியும். இரண்டு துண்டை இருட்டில் உரசினால் உள்ளுக்குள் மங்கலாக ஒளி தெரியும், கருகிய மாதிரி வாடையும் வரும்.

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கடினப் பாறை. கூடலூர் பக்கம் நைஸ் என்ற வரிவரியான பாறைகளும் உண்டு. ஆழத்தில் சூடான நீர் குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் ஏறியது. வெப்பமும் அழுத்தமும் குறையக் குறைய சிலிக்கா அங்கேயே படிந்து, பாறைக்குள் ஓடும் வெங்கச்சங்கல் பட்டைகளானது. அப்போது சிக்கிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்தப் பால் நிறம். அதே நீர் கொஞ்சம் தங்கத்தையும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டை நிறையவும் விட்டுவிட்டுப் போனது. மேற்பரப்பில் பைரைட் துருப்பிடித்துக் கரைந்து, கல்லில் செம்பழுப்புப் பொத்தல்கள் விழுந்தன; தங்கம் தனியே நின்றது.

அந்தத் தங்கத்தைக் குறும்பரும் பணியரும் ஓடை மணலை அரித்து எடுத்துவந்தார்கள். 1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் அழைக்கப்பட்டார். அவருடைய நம்பிக்கையான அறிக்கையை வைத்து லண்டன் பங்குச்சந்தை கொதித்தது. 1881 முடிவதற்குள் இங்கிலாந்தில் 40க்கு மேற்பட்ட கம்பெனிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு மூலதனம்! கல்லை இடிக்க இயந்திரங்கள் மலையேறின. கீழே போகப் போகத் தங்கம் பைரைட்டோடு ஒட்டிக்கிடந்தது, அளவும் சொற்பம். மலேரியா வேறு. சில வருஷங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பங்கை எழுதி விற்றவர்களுக்குக் கிடைத்த தங்கம் பாறையில் இருந்ததைவிட அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ரீஃப். பழைய ஆவணங்களில் 'குவார்ட்ஸ் ரீஃப்' என்று வரும். கடலில் இருக்கும் பவளத்திட்டை நினைத்துச் சிலர் இதைப் 'படிகத் திட்டு' என்று பெயர்க்கிறார்கள். இங்கே அந்தச் சொல் ஆஸ்திரேலியத் தங்க வயல்களின் வழக்கு. பாறையை ஊடறுத்து ஓடும் கனிமப் பட்டை என்பது பொருள். 'வெங்கச்சங்கல் நாளம்' என்று எழுதலாம். நாளம் புத்தக வாடை அடிக்கிறது என்றால் 'பட்டை' போதும்.