ஆய்வுக் கட்டுரை பூட்டப்படுவதும் திறப்பதும்: ஒரு நூலகத்தால் என்ன செய்ய முடியும்?

ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானால் எழுதியவருக்கு இதழிலிருந்து ஒரு பைசா வராது. கட்டுரையில் பிழை இருக்கிறதா, முடிவு நிற்குமா என்று வரி வரியாகப் படித்துக் கருத்துச் சொல்லும் சக ஆய்வாளர்களுக்கும் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. நம் நாட்டில் ஆராய்ச்சிச் செலவில் பெரும்பங்கு அரசுடையது, அதாவது நம் வரிப்பணம். இத்தனையும் ஆன பிறகு, எழுதியவர் வேலை பார்க்கும் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அந்த இதழுக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கட்டுரைச் சுருக்கம் மட்டும் தெரியும். மீதியைப் படிக்க 30 டாலர், 40 டாலர் என்று கேட்டு ஒரு பெட்டி எழும்பி நிற்கும்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் இந்தப் பெட்டி அதிகமாகவே உறுத்துகிறது. இங்கே ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் வந்தது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் வந்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி முதல் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு வரை, இந்த மலையின் பொருள்கள் ஆய்வாளர்களுக்குத் தீராத தீனி. பூம்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்து படிக்கும் பெண் ஒருத்தி, தன் வீட்டுத் தோட்டத்தில் விளையும் பூண்டைப் பற்றிய கட்டுரையைத் தேடிப் போய்ப் பணம் கேட்கும் பெட்டியில் முட்டிக்கொண்டால், அதை வெறும் வசதிக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அது அநியாயம்.

முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கும் இதே மலையில் சான்று உண்டு. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் பட்டையை, பதிவு செய்தபோது அதிலுள்ள கோடுகள் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்திருந்ததைக் கண்டார். புள்ளியின் மங்கலான வெளிவளையத்தில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதே அதன் பொருள். வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். இன்று உலகமே இதை எவர்ஷெட் விளைவு என்கிறது. இந்தச் செய்தி இரண்டு வழியாக வெளியே போனது. ஒன்று, லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழ். இன்னொன்று, ஆய்வகமே அச்சிட்ட புல்லட்டின். அந்தக் காலத்து ஆய்வகங்கள் தங்கள் வெளியீட்டை மற்ற ஆய்வக நூலகங்களுக்குத் தபாலில் அனுப்பி, பதிலுக்கு அவர்களுடையதைப் பெற்றுக்கொண்டன. நூலகத்துக்கு நூலகம் பண்டமாற்று. இடையில் வியாபாரி இல்லை.

அப்புறம் வியாபாரி வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆராய்ச்சி பெருகியது, இதழ்கள் பெருகின, கழகங்கள் நடத்திவந்த பல இதழ்கள் பெரிய பதிப்பகங்களின் கைக்குப் போயின. கட்டுரையை ஏற்கும்போதே எழுதியவர் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் வழக்கமாயிற்று. பூட்டு விழும் இடம் அந்தக் கையெழுத்துதான். ஒரு கடையில் பூண்டு விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒரு ஆய்வுக் கட்டுரைக்குப் பதில் இன்னொரு கட்டுரையைப் படிக்க முடியாது. அதனால் விலை எவ்வளவு ஏறினாலும் நூலகம் கட்டியே ஆக வேண்டியிருந்தது. 1990களின் பிற்பாதியிலிருந்து பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாகக் கட்டி விற்றன. பத்து இதழ் மட்டும் வேண்டும் என்றால் அதற்கும் கிட்டத்தட்ட அதே பணம். 2012இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் நூலக ஆலோசனைக் குழுவே, சில பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலர் வரை போகிறது, இது தாங்காது என்று ஆசிரியர்களுக்கு எழுதியது. உலகின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகம் சொன்ன வார்த்தை இது.

பூட்டைத் திறக்கும் வழியும் அந்தக் கையெழுத்தைத் தொட்டே வருகிறது. ஒரு கட்டுரைக்கு மூன்று வடிவம் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பியது முன்வரைவு. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, இதழ் ‘சரி, வெளியிடுகிறோம்’ என்று ஏற்றது ஏற்புப்படி. பதிப்பகம் எழுத்துக் கோத்து, முத்திரை பதித்து வெளியிட்டது அச்சுப்படி. மிகப் பல பதிப்பகங்கள் அச்சுப்படியைத்தான் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஏற்புப்படியை எழுதியவரின் நிறுவனக் களஞ்சியத்தில், அதாவது ஒரு நிறுவனம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் இணையக் கிடங்கில், இலவசமாக வைத்துக்கொள்ள அவை அனுமதிக்கின்றன. சில இதழ்கள் 6 மாதமோ 12 மாதமோ காத்திருக்கச் சொல்லும். அறிவியல் செய்தி இரண்டு படியிலும் ஒன்றுதான். இந்த அனுமதி இருப்பதே நம் ஊர் ஆய்வாளர்களில் பலருக்குத் தெரியாது.

ஒரு கட்டுரை களஞ்சியத்துக்குள் போவதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். பேராசிரியர் இரண்டு கோப்பு அனுப்புகிறார். ஒன்று, இதழின் பெயரும் இரட்டைப் பத்தியும் பக்க எண்ணும் கொண்ட பிடிஎஃப். மற்றது வேர்ட் கோப்பு: வரிகளுக்கு நடுவே அகலமான இடைவெளி, படங்களும் அட்டவணைகளும் கடைசியில் மொத்தமாக. நூலகர் எடுத்துக்கொள்வது அழகில்லாத இந்த இரண்டாவதைத்தான். அந்த இதழின் விதி என்ன, காத்திருப்பு எவ்வளவு என்று பார்க்கிறார். பிறகு விவரங்களைப் பதிகிறார்: தலைப்பு, ஆசிரியர், நாள், பொருள், மொழி, உரிமை. இப்படி 15 புலங்கள் கொண்ட டப்ளின் கோர் என்ற பொது வடிவம் 1995இல் தொடங்கிய முயற்சியில் உருவானது.

இதில் தமிழ்ப் பெயர்கள் கொடுக்கும் தலைவலி தனி. ஒரே ஆள் ஒரு கட்டுரையில் மு. செல்வி, அடுத்ததில் செல்வி மு., மூன்றாவதில் செல்வி முருகன். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். அதனால்தான் ஆய்வாளருக்கு 16 இலக்க ஆர்க்கிட் எண் இருக்கிறதா என்று நூலகர் விடாமல் கேட்கிறார். 2012இல் தொடங்கிய இந்த எண்ணைப் பெறக் கட்டணம் கிடையாது. தலைப்பெழுத்து இடம் மாறினாலும் கட்டுரைகள் ஒருவர் பெயரில் சேர்ந்து நிற்கும்.

கோப்பை ஏற்றியாயிற்று. மலை மேல் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கணினியில் கிடக்கும் அதை பிரேசிலில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 2001இல் வெளிவந்த ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறை இதற்குத்தான். உலகெங்கும் உள்ள திரட்டிகள் களஞ்சியங்களின் கதவைத் தட்டி, ‘போன முறை வந்ததற்குப் பிறகு புதிதாக என்ன சேர்ந்தது?’ என்று இயந்திர மொழியில் கேட்கின்றன. களஞ்சியம் புதிய பதிவுகளின் விவரத்தை வரிசையாகக் கொடுக்கிறது. திரட்டி விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தன் தேடல் பட்டியலில் சேர்க்கிறது. கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கோ ஒருவர் தேடினால் நேரே இங்கே வந்து இறங்குகிறார். சின்னக் கல்லூரியின் களஞ்சியமானாலும் பெரிய பல்கலைக்கழகத்தின் களஞ்சியமானாலும் திரட்டிக்கு ஒன்றே. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது.

இதற்கு மென்பொருள் விலைக்கு வாங்க வேண்டியதும் இல்லை. டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளை எம்ஐடி நூலகமும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2002இல் இலவசமாக வெளியிட்டன. நம் நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா ஓடுவதும் அதில்தான். எவர்ஷெட் காலத்துக் கொடைக்கானல் புல்லட்டின்களையும் இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆய்வகம் இப்போது சேர்ந்திருக்கும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் நூலகம் நடத்தும் களஞ்சியத்தில் அவை இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே எடுத்துவந்த சூரியப் படங்களும் எண்மமாக்கப்பட்டுப் பொதுவில் இருக்கின்றன. சூரியனின் நூறாண்டுப் போக்கைப் பார்க்க நினைக்கும் எந்த நாட்டு ஆய்வாளரும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம்.

நீலகிரிப் பக்கமும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஊட்டியில் விண்கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 கருவி, 2014 டிசம்பரில் அங்கே திரண்ட ஓர் இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை விண்கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை வைத்துக் கணித்தது. 2019இல் புகழ்பெற்ற இயற்பியல் இதழில் அது வெளியானது. அதே கட்டுரை, ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே ஏற்றிவைக்கும் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் எவருக்கும் இலவசம். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ், 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதை ஆண்டுக்கணக்கில் தாங்கி நடத்தியது அங்குள்ள நூலகம். செலவு ஏறியதும் 2010இல் மற்றப் பல்கலைக்கழக நூலகங்களிடம் பங்கு கேட்டது, அவையும் கொடுத்தன. கொடுத்தவர்களுக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. எல்லோரும் படிப்பதைத்தான் அவர்களும் படித்தார்கள்.

நூலகத் தலைமை என்று நான் சொல்வது இந்தத் துணிவை. சந்தாப் பட்டியலைப் போன ஆண்டைப் போலவே புதுப்பிப்பது எளிது. 2008 பிப்ரவரியில் ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் ஒருமனதாக எடுத்த முடிவைப் பாருங்கள். ஆசிரியர் ஒருவர் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவதற்கும் முன்பே, அதை இலவசமாக வெளியிடும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று அது விதித்தது. பதிப்பகத்தின் ஒப்பந்தம் பிறகுதான் வருகிறது. முன்னால் கொடுத்த உரிமை அப்படியே நிற்கும். வேண்டாம் என்று எழுதிக் கேட்பவருக்கு விலக்கும் உண்டு. பூட்டு விழும் முன்பே சாவியை எடுத்து வைப்பது எவ்வளவு கூர்மையான யோசனை! கலிபோர்னியா பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. 2019 பிப்ரவரியில் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்துடன் பேச்சு முறிந்ததும் சந்தாவையே நிறுத்தியது. ஈராண்டு கழித்து, 2021 மார்ச்சில், தன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் திறந்தே வெளிவரும் வகையில் புது ஒப்பந்தம் போட்டுத் திரும்பியது.

எழுதுபவரிடம் பணம் வாங்கிக்கொண்டு படிப்பவருக்கு இலவசமாகத் தரும் முறை ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. நேச்சர் இதழில் ஒரு கட்டுரையை இப்படித் திறந்து வெளியிட 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ. நம் பல்கலைக்கழகத்தில் ஒரு முழு ஆய்வுத் திட்டத்துக்கே அவ்வளவு கிடைத்தால் பெரிது. எவர்ஷெட் எழுதிய அந்த ராயல் வானியல் கழக இதழும் 2024 முதல் இந்த வழிக்கு மாறிவிட்டது. படிப்பவர் எதிரே நின்ற சுவர் எழுதுபவர் எதிரே போய் நிற்கிறது, அவ்வளவுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பீடே இல்லாமல் எதையும் போடும் போலி இதழ்கள் முளைத்ததும் இந்த வழியில்தான். இரு பக்கமும் பணம் வாங்காமல் நடத்தவும் முடியும். பெங்களூரிலிருந்து வரும் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழ்களை எவரும் இலவசமாகப் படிக்கலாம். அச்சுச் செலவும் ஆள் செலவும் நிறுவனத்தின் பொறுப்பு. நம் நூலகங்கள் நோக்க வேண்டிய திசை அது.

இந்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். 6,300 அரசு நிறுவனங்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் பணம் நின்றால் கதவு சாத்தப்படும். தனியார் கல்லூரி மாணவி, படிப்பை முடித்து வீட்டுக்குப் போய்விட்டவர், மன்னவனூரில் காய்கறி போடுகிறவர் எல்லோரும் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். நம் ஆய்வாளர்கள் எழுதுவது உலகத்துக்குத் திறப்பதற்கும் இந்தச் சந்தா ஏதும் செய்யாது. அந்த வேலையைக் களஞ்சியந்தான் செய்யும். மத்திய அரசின் அறிவியல், உயிரித் தொழில்நுட்பத் துறைகள் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2014இலேயே கொள்கை அறிவித்தன. கொள்கைக்கு உயிர் கொடுக்க ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு நூலகர் நாற்காலியை விட்டு எழுந்து துறை துறையாகப் போக வேண்டும்.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது புத்தகங்கள் அடைபட்டுக் கிடந்தன. அவர் அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகர்களே போய் எடுத்துப் பார்க்கச் செய்தார். 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதாக, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று எழுதினார். அந்த மரபில் வந்த நம் நூலகர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை.

இன்றே உங்களுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டால், தலைப்பை முழுதாக மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள்; கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறந்தால் ஏற்புப்படி எங்காவது அகப்படலாம். உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் இலவசப் படி இருக்கும் இடத்தை அதுவே காட்டும். எதிலும் கிடைக்கவில்லையா, எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்; பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். நீங்களே எழுதுபவரானால், இதழிலிருந்து ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்த வேர்ட் கோப்பை நூலகருக்கு அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நூலகர் கேட்கும்போது, எட்டுத் திருத்தப் படிகளுக்கு நடுவில் எது கடைசி என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.