எதிர் சவ்வூடு பரவல்: ‘தலைகீழ்’ ஏன் சரியில்லை

மீன் தொட்டிக்கென்று வாங்கும், நீரிலிருந்து உப்பை நீக்கும் ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்) கருவிகளைப் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் ‘தலைகீழ் சவ்வூடுபரவல்’ என்ற தொடர்தான் வந்து நிற்கிறது. பாடநூல்களில் ‘எதிர் சவ்வூடு பரவல்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தேடிப் பார்க்காமல், ‘ரிவர்ஸ்’ என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

ஆஸ்மாசிஸ் என்பதன் வேர், ‘தள்ளுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். 1820களில் பிரெஞ்சு அறிஞர் டுட்ரோஷே அதை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். தமிழில் சவ்வு, ஊடு, பரவல் என்ற மூன்றும் சேர்ந்து, சவ்வின் ஊடாகப் பரவுவதைச் சொல்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘பிரசாரணம்’ என்கின்றன. அதில் சவ்வு காணாமல் போகிறது என்பதால் எனக்கு நம் சொல்லே பிடிக்கும்.

இனி தலைகீழுக்கு வருவோம். மேலே இருப்பது கீழே போவதுதான் தலைகீழ். பின்னத்தைத் தலைகீழாக்கு என்றால் பொருந்தும். அங்கே தொகுதியும் பகுதியும் உண்மையிலேயே இடம் மாறுகின்றன. ஆர்.ஓ.வில் எதுவும் கவிழ்வதில்லை. இயல்பாக நீர், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குப் போகும். நாம் உப்பு கூடிய பக்கத்தை அழுத்தி, நீரை அதன் போக்குக்கு எதிராகத் தள்ளுகிறோம். எதிர்நீச்சல் என்கிறோமே, அந்த ‘எதிர்’தான் இது. நீச்சலில் இருக்கும் முயற்சியும் அந்தச் சொல்லில் சேர்ந்தே வருகிறது. ‘எதிர்’ என்றால் ஆஸ்மாசிஸைத் தடுப்பது என்று பொருள் வந்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். தடுப்பதற்கு ‘எதிர்ப்பு’ என்ற தனிச்சொல் இருக்கிறதே.

இது வெறும் சொல் சண்டை இல்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று புலம்புகிறவர், ‘எதிர்’ என்பதன் பொருள் தெரிந்திருந்தால் முதலில் அழுத்தமானியைப் பார்ப்பார். நீரில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) உப்புக்குத் தோராயமாக 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) எதிரழுத்தம் உண்டு. 1,000 பிபிஎம் போர்வெல் தண்ணீர் என்றால் 10 பிஎஸ்ஐ அதைச் சமாளிக்கவே போய்விடும். மாடித் தொட்டி குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது 14 பிஎஸ்ஐதான். வீட்டு ஆர்.ஓ. கருவியில் இருக்கும் சவ்வுகள், அதாவது மெம்பரேன்கள், 50, 60 பிஎஸ்ஐயை வைத்துக் கணக்கிடப்பட்டவை. அங்கே வேண்டியது அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்பு. புது மெம்பரேன் வாங்கிப் போட்டால் காசுதான் வீண். பம்பு இருந்தும் அழுத்தம் இறங்கினால், மெம்பரேனுக்கு முன்னால் மண்ணையும் தூசியையும் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெம்பரேனை ‘வடிகட்டி’ என்று சொல்வது இதைவிடக் கெடுதல் செய்கிறது. வடிகட்டியில் நீர் வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று. சக்கை உள்ளே தங்கும். மெம்பரேனுக்கு வெளிவழி இரண்டு: ஒன்றில் நல்ல நீர், மற்றொன்றில் உப்பை அள்ளிக்கொண்டு போகும் நீர். இந்த இரண்டாவதற்கு ‘கழிவு நீர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கழிவு என்றதும், வீணாகிறதே என்று அந்தக் குழாயை அடைக்கிறார்கள். அடைத்தால் உள்ளே உப்பு செறிந்து, எதிரழுத்தம் ஏறி, மெம்பரேனில் சுண்ணாம்பு படிந்து, நல்ல நீரின் டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) உயர்ந்துவிடும். உப்பு குறைந்த நீரை நம்பி டிஸ்கஸ் மீனும் சிற்றிறாலும் வளர்க்கிறவர்களுக்கு அது பெரிய இழப்பு. இந்த நீரைச் ‘செறிநீர்’ என்று சொல்லலாம். அது ஏன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும். தொட்டி நிரம்பிய பிறகும் செறிநீர் நிற்காவிட்டால், தானாக மூடும் வால்வையோ, நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வையோ பார்க்க வேண்டும். கருவியை நிறுத்தி வைத்துத் திறந்ததும் டிடிஎஸ் கூடுதலாகக் காட்டுவது பழுதல்ல. நின்ற நேரத்தில் உப்பு சவ்வின் வழியே கசிந்து வந்திருக்கும். முதல் சில நிமிட நீரைக் கொட்டிவிட்டு அளந்தால் போதும்.

கடைக்காரர்கள் ஆர்.ஓ., மெம்பரேன் என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. எதைச் சொல்கிறார்கள் என்று கேட்பவருக்குத் தெரிகிறது. தமிழ் என்ற பெயரில் பொருளைக் கெடுப்பதுதான் வருத்தம். இதே மொழிபெயர்ப்பாளர்கள் அக்வேரியத்தை ‘மீன்வளம்’ என்று எழுதுகிறார்கள். மீன்வளம் என்பது கடலிலும் ஆற்றிலும் உள்ள மீன் செல்வம். அதற்கு அரசில் ஒரு துறையே இருக்கிறது. வீட்டில் இருப்பது மீன் தொட்டி. சென்னைக் கொளத்தூரில் மீன் விற்கும் எந்தக் கடையில் கேட்டாலும் இந்தச் சொல் கிடைத்திருக்கும். அப்படி ஒருவரிடமும் கேட்காமல் ‘உங்கள் மீன்வளத்தை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யவும்’ என்று அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்கள்.