கதைப் புத்தகத்தில் இருப்பது யாருடைய நாடு?

"நாட்டுப்பற்றை வளர்க்கிற கதைப் புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்" என்று பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். சிறார் நூலகராக நான் அவர்களிடம் முதலில் வேண்டிக்கொள்வது இதுதான்: குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

கதை வழியாக நாட்டை மனத்தில் பதிக்கும் முயற்சி பழையது. 1871-இல் அல்சேஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனியிடம் இழந்த பிரான்சில், இரண்டு அநாதைச் சிறுவர்கள் நாட்டைச் சுற்றிவரும் கதை 1877-இல் வெளியாகி, தலைமுறைகளுக்குப் பள்ளி வாசிப்பு நூலாக இருந்தது. சுவீடனில் ஆசிரியர் சங்கம் கேட்டுக்கொண்டதால் செல்மா லாகர்லெவ் 1906–07-இல் எழுதிய கதையில், குட்டியுருவாகச் சுருங்கிப்போன நீல்ஸ் வெள்ளை வாத்தின் முதுகில் ஏறி நாடெங்கும் பறக்கிறான். புவியியல் பாடம்தான், ஆனால் காடும் ஏரியும் அவனுக்குச் சொந்தமாகிவிடுகின்றன. காட்டிக் காட்டியே நேசிக்கவைக்கும் இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். அதிலும்கூட சுவீடனின் மேற்குக் கரையிலுள்ள ஹாலண்ட் மாகாணத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. அங்கே படித்த குழந்தைகள் தங்கள் ஊரைத் தேடியிருப்பார்கள்.

நாஜி ஜெர்மனியில் 1938-இல் வெளியான 'நச்சுக்காளான்' வேறு வகை. காட்டில் தாயும் மகனும் காளான் பறிக்கிறார்கள். எது நல்லது, எது நஞ்சு என்று சொல்லிக்கொடுக்கும் தாய், அதே குரலில் யூதர்களையும் நஞ்சு என்கிறாள். அதை வெளியிட்ட பதிப்பகத்தின் உரிமையாளர் யூலியுஸ் ஸ்ட்ரைகர், நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணைக்குப் பின் 1946-இல் தூக்கிலிடப்பட்டார். கதைகளில் வரும் எந்த அரக்கனையும்விட இந்தத் தாயை எண்ணித்தான் நான் அஞ்சுகிறேன். பரிவோடு ஊட்டியதைப் பிஞ்சு மனம் சந்தேகிப்பதில்லை.

இன்றைய புத்தகங்களில் இவ்வளவு வெளிப்படையான பகைமையை நான் அரிதாகவே பார்க்கிறேன். சிலரைச் சொல்லாமலே விட்டுவிடுவதுதான் அதிகம். வாசிப்பு நேரத்தில் கொடியேற்று விழாப் படம் ஒன்றைக் காட்டியபோது, மேடைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்ற பெண்ணின் மேல் ஒரு சிறுமி விரலை வைத்து, "இவர் பெயர் என்ன?" என்று கேட்டாள். கொடியேற்றியவருக்கும் ஆசிரியருக்கும் பாட்டுப் பாடிய சிறுவனுக்கும் கதையில் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இல்லை.

ஆகவே எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் ஒருமுறை புரட்டுங்கள். யார் பேசுகிறார்கள், யார் சுமக்கிறார்கள், எந்த உடையும் நிறமும் எப்போதும் கெட்டவருக்கே வாய்க்கின்றன என்று பாருங்கள். குறையுள்ள புத்தகத்தையெல்லாம் ஒதுக்க வேண்டியதில்லை. குழந்தையோடு உட்கார்ந்து படியுங்கள், கேள்வி வந்தால் அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். அடுத்த முறை, அதே நாட்டில் வேறு மொழி பேசும் குழந்தையின் கதை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.