சிட்காம்: 'சூழ்நிலை' என்றால் போதுமா?

மேசைமேல் மஞ்சள் நிற ஜெல்லி. அதற்குள் ஒரு ஸ்டேப்ளர், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி முழுசாகத் தெரிகிறது. ஸ்டேப்ளருக்குச் சொந்தக்காரர் சக ஊழியர் ஜிம்மைப் பற்றி மேலாளரிடம் புகார் சொல்கிறார்: ஜிம் என் பொருளை மறுபடியும் ஜெல்லிக்குள் போட்டுவிட்டான்.

2005இல் என்பிசியில் தொடங்கிய அமெரிக்கத் தொடர் 'தி ஆபீஸ்', முதல் அத்தியாயம். அதற்கு நான்கு வருடம் முன்பு பிபிசியில் வந்த பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' தொடரிலும் இதே ஸ்டேப்ளர், இதே ஜெல்லி. அந்தப் புகாரில் எனக்குப் பிடித்த சொல் 'மறுபடியும்'. நாம் பார்ப்பது முதல் அத்தியாயம். அவர்களுக்கோ இது பழகிப்போன தொல்லை. ஒரே ஆட்கள் வாராவாரம் திரும்பிவரும் டிவி நகைச்சுவைத் தொடரைச் சிட்காம் என்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் இந்த 'மறுபடியும்' என்பதைத்தான் காட்டுவேன்.

சொல்லைப் பிரிப்பது எளிது. சிச்சுவேஷன், காமெடி இரண்டின் தலையையும் வெட்டி ஒட்டியது சிட்காம். நீண்ட வடிவம் வானொலிக் காலத்தது. இந்தக் குறுக்கம் 1960களில் புழக்கத்துக்கு வந்தது. காமெடியின் வேர் கிரேக்கம்: கோமோஸ் என்றால் ஆட்டம்பாட்டக் கொண்டாட்டம், அதோடு பாட்டு என்ற சொல் சேர்ந்தது. அதை விடுவோம். சிக்கல் சிச்சுவேஷனில்தான்.

அதன் வேர் சிட்டுஸ் என்னும் லத்தீன் சொல். இடம், ஒரு பொருள் அமைந்திருக்கும் நிலை என்று பொருள். 'இன்ஜினீயர் சைட்டுக்குப் போயிருக்கார்' என்கிறோமே, அந்த சைட்டும் இதே வேரில் பிறந்ததுதான். (பஸ் ஸ்டாண்டில் அடிக்கும் சைட் வேறு, அது கண் சம்பந்தப்பட்டது.) ஆக, சிட்காமில் உள்ள சிச்சுவேஷன், திடீரென்று வந்துபோகும் சந்தர்ப்பம் அல்ல. சில மனிதர்கள், ஒரு இடம், அவர்களை அங்கே கட்டிப்போட்ட ஏதோ ஒன்று. வாராவாரம் திரும்பிவந்தாலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கும்.

பின்னணியில் சிரிப்புச் சத்தம் கேட்டால்தான் சிட்காம் என்று நினைப்பவர்களும் உண்டு. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' பார்வையாளர்களை உட்காரவைத்து மூன்று கேமராக்களில் படமானது. அந்தப் பாணி ஊன்றிவிட்டதால் வந்த எண்ணம் இது. 'தி ஆபீஸ்' ஆவணப்படம்போல எடுக்கப்பட்டது, சிரிப்பொலியே கிடையாது. ஆனாலும் அது சிட்காம்தான். 'லொள்ளு சபா' எவ்வளவு சிரிக்க வைத்தாலும் சிட்காம் ஆகாது. வாரத்துக்கு ஒரு படத்தைக் கிண்டல் செய்கிற நிகழ்ச்சி அது. ஒரே பெயர் கொண்ட கணவனும் மனைவியும் ஒரு வீட்டில் மல்லுக்கட்டும் 'ரமணி வெர்சஸ் ரமணி' சிட்காம்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'சூழ்நிலை நகைச்சுவை' என்று பலர் எழுதுகிறார்கள். அகராதியைத் திறந்து சிச்சுவேஷனுக்கு நேர் எதிரே உள்ள சொல்லை எடுத்து வைத்தது மாதிரி இருக்கிறது. தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் தமிழில் சூழ்நிலை என்பது மாறக்கூடியது. 'அன்னைக்கு சூழ்நிலை அப்படி' என்றால் இன்றைக்கு வேறு என்று அர்த்தம். புதிதாகப் படிப்பவர், 'சமயத்துக்கேற்ற ஜோக்' என்று புரிந்துகொள்வார். சொல் காட்ட வேண்டியதற்கு நேர் எதிர்ப்பக்கம் அது.

நான் முன்வைப்பது 'நிலைக்கள நகைச்சுவை'. நிலைக்களம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல். நகை முதலான எட்டு மெய்ப்பாடுகளும், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளும், எதன்மேல் பிறக்கின்றன என்று தொல்காப்பியம் சொல்லும் இடத்தில், உரைகாரர்கள் கையாளும் சொல் நிலைக்களன். நகைக்கு அப்படி நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அங்கே அது ஊரையோ வீட்டையோ குறிக்கவில்லை, சிரிப்பு முளைக்கும் தரையைக் குறிக்கிறது, தெரிந்துதான் எடுக்கிறேன். நிலையும் களமும் சேர்ந்த சொல் என்பதால் மாறாமை, இடம் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. பேச்சில் சிட்காம் என்றே இருக்கட்டும்; டீக்கடையில் போய் யாரும் நிலைக்களம் என்று சொல்லப்போவதில்லை.

நிலைக்களம் என்றால் என்ன என்பது ஒரு தொடர் நாடு மாறும்போதுதான் பளிச்சென்று தெரியும். 1962இல் பிபிசியில் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடங்கியது. லண்டனில் குதிரைவண்டியில் பழைய சாமான் எடுக்கும் அப்பாவும் மகனும். நம்மூர்க் கணக்கில் காயலான் கடை. மகனுக்கு வெளியேறி முன்னுக்கு வர ஆசை, அப்பா விடமாட்டார், மகனாலும் விட்டுப்போக முடியாது. 1972இல் இதை என்பிசி 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' ஆக்கியது. லண்டன் போய் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி வந்தது. குதிரைவண்டி பிக்கப் லாரியானது. வெள்ளைக்காரக் குடும்பம் கறுப்பினக் குடும்பமானது. பேச்சு, கிண்டல், அரசியல் எல்லாம் வேறு. மாறாதது ஒன்றுதான்: அப்பாவை விட்டு மகனால் போக முடியாது. கடல் தாண்டியது அந்த நிலைக்களம்.

இந்த வேலைக்கு 'மொழிபெயர்ப்பு' பொருந்தாது, இரண்டும் ஆங்கிலம். 'ரீமேக்' என்கிறோம், 'மறுஆக்கம்' என்றும் எழுதுகிறோம். 'தழுவல்' இன்னும் பொருத்தம். தழுவுகிறவருக்கு உடம்பு தனியாக இருக்க வேண்டுமே. அமெரிக்க 'தி ஆபீஸ்' முதல் அத்தியாயம் ஏறக்குறைய பிரிட்டிஷ் வசனத்தின் நகல். அதைத் தழுவல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்லவ் நகரக் காகித நிறுவனம், பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரக் காகித நிறுவனமானது, அவ்வளவே. இரண்டாம் பருவத்திலிருந்துதான் அதற்குச் சொந்த நடை வந்தது. மேலாளர் மைக்கேல் ஸ்காட் எரிச்சலூட்டுவதோடு பரிதாபமும் பட வைத்தார். பிரிட்டிஷ் தொடர் கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயங்களைச் சேர்த்தே 14தான். அமெரிக்காவில் 2013 வரை 201 அத்தியாயங்கள்.

இரண்டு தொடரிலும் வரும் இன்னொரு நகைச்சுவை தமிழிலும் உயிரோடு நிற்கிறது. ஸ்டேப்ளர்காரர் தன்னை 'உதவி மேலாளர்' என்று சொல்லிக்கொள்வார். மேலாளர் உடனே திருத்துவார்: 'மேலாளருக்கு உதவி.' நான்காம் வேற்றுமை உருபு ஒன்று வந்து உட்கார்ந்ததும் பதவி போய்விட்டது.